குழந்தையின் முன் பல் உடைந்தால் எங்கே போவது? எங்கள் ஊர் அரசாங்கப் பல் கிளினிக்கைப் பற்றி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தை விழுந்து முன் பல்லில் ஒரு துண்டு உடைந்துவிட்டால், ஈப்போவுக்குக் கார் எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் அரசாங்கப் பல் கிளினிக்கை நினையுங்கள். ‘கிளினிக் பெர்கிகியான்’ என்று போர்டு போட்டிருக்கும், சில இடங்களில் அரசாங்க சுகாதாரக் கிளினிக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பக்கமாக இருக்கும். என் மகளை அப்படிப்பட்ட ஒரு கிளினிக்கில்தான் காட்டினேன். அங்கே செய்த வேலை கொஞ்சம், பார்த்த பார்வை நிறைய. சின்னப் பிள்ளையின் பல் விஷயத்தில் அதுதான் சரியான வைத்தியம் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இரண்டரை வயது. தோட்டத்தில் என் மாமியார் இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார், சனிக்கிழமை என்றால் நாங்கள் அங்கே போய்விடுவோம். கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியவள் வாசல்படியின் சிமெண்டு ஓரத்தில் முகம் குப்புற விழுந்தாள். மேல் வரிசையில் நடுப் பல் இரண்டில் ஒன்றின் முனை சாய்வாக உடைந்துவிட்டது, கீழ் உதட்டின் உள்பக்கம் கிழிந்து ரத்தம். உடைந்த துண்டு படியிலேயே கிடந்தது, என் கணவர் அதை எடுத்து டிஷ்யூவில் மடித்து வைத்துக்கொண்டார். மாமி வாயைக் கழுவி, சுத்தமான துணியை நனைத்து உதட்டில் அழுத்திப் பிடித்தார், பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றது. “பால் பல்தானே, எப்படியும் விழப்போறது, விடும்மா” என்று மாமி சொன்னார், மாமியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அவர் காலத்தில் பால் பல்லுக்காக யாரும் டாக்டரிடம் போனதில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம், அரசாங்கப் பல் கிளினிக் பூட்டியிருக்கும். பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக் திறந்திருந்தது, அங்கே போனோம். பெயர் சொல்லப்போவதில்லை. பெரிய நாற்காலியைப் பார்த்ததுமே பிள்ளை கத்த ஆரம்பித்துவிட்டாள், அந்த டாக்டர் கிட்டே வரவே இல்லை, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். எப்படி விழுந்தாள், எவ்வளவு நேரம் ஆச்சு, மயக்கம் வந்ததா, உடைந்த துண்டு கிடைத்ததா, ஒரு கேள்வியும் இல்லை. பல்லைப் பிடுங்கிவிடலாம், இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து மூடி போடலாம், அதற்குப் பல நூறு வெள்ளி ஆகும் என்று இரண்டு வழி சொன்னார். எதற்காகப் பிடுங்க வேண்டும் என்று கேட்டதற்கு “பேபி டீத்தான், பரவாயில்லை” என்றார். ஐம்பது வெள்ளி கட்டிவிட்டு வெளியே வந்தோம். எல்லாத் தனியார் கிளினிக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளை அருமையாகப் பார்க்கிற தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்து பார்க்காமலே பிடுங்கச் சொல்லும் இடத்தில் என் பிள்ளையை விட எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கிளினிக் திறக்கும் எட்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். கவுண்டரில் மைகிட் என்ற பிள்ளையின் அடையாள அட்டையையும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தையும் கொடுத்தேன், பிறந்ததிலிருந்து தடுப்பூசிக்கு எடுத்துப் போகிறோமே, பெண் பிள்ளை என்றால் இளஞ்சிவப்பு அட்டை போட்டது, அதேதான். விழுந்து பல் உடைந்தது என்று சொன்னதுமே அந்தப் பெண் எங்கள் நம்பரைத் தனியாக எடுத்து வைத்தார். அப்பாயின்மெண்ட் கேட்கவில்லை. நாற்காலிகளில் பல் சுத்தம் செய்ய வந்தவர்கள், கர்ப்பிணிப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், அடிபட்ட குழந்தை என்று எங்களை முன்னால் கூப்பிட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

அறைக்குள் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அந்த முறை முன்பு தெரியாது, தெரிந்திருந்தால் எத்தனையோ அம்மாக்களுக்குப் பயம் போய்விடும்.

பல் டாக்டர் ஒரு இளம் மலாய்க்காரப் பெண். உதவிக்கு இருந்தவர் நம் ஆள், பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அக்கா. டாக்டர் அந்தப் பெரிய நாற்காலியைத் தொடவே இல்லை. சக்கரம் வைத்த ஸ்டூலை இழுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார், அவர் முழங்காலும் என் முழங்காலும் முட்டிக்கொண்டன. பிள்ளையை என் பக்கம் பார்த்தபடி மடியில் உட்கார வைத்து, அவள் கால்களை என் இடுப்பின் இரண்டு பக்கமும் போடச் சொன்னார். அப்புறம் அவளை மெதுவாகப் பின்னால் சாய்க்கச் சொன்னார், தலை போய் டாக்டர் மடியில் விரித்திருந்த துண்டின் மேல் படிந்தது. அவள் கைகள் என் கைக்குள், கண்ணைத் திறந்தால் மேலே தெரிவது என் முகம். அழத்தான் செய்தாள். “அழட்டும், நல்லதுதான், வாய் தானாகத் திறக்கும்” என்று டாக்டர் மலாயில் சொல்ல, அந்த அக்கா பிள்ளையிடம் “ஆ… அப்படித்தான் செல்லம், கோழி எங்க ஓடிச்சு, காட்டு பாப்போம்” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முழுப் பரிசோதனையும் ஓரிரு நிமிடம்தான் இருக்கும். ஆனால் அதற்குள் அந்த டாக்டர் பார்த்தது எவ்வளவு!

விரலில் துணியைச் சுற்றிப் பல்லைத் துடைத்தார். உடைந்த இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வெளி ஓரம் பளீரென்ற வெள்ளை, அதற்கு உள்ளே லேசான மஞ்சள். வெள்ளை எனாமல், மஞ்சள் டென்டின், இதற்கு நடுவில் சிவப்புப் புள்ளியோ ரத்தமோ இருந்தால் நரம்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம், இங்கே அது இல்லை என்றார். அடுத்து பல்லை இரண்டு விரலால் லேசாக அசைத்துப் பார்த்தார், ஆட்டம் இல்லை. பக்கத்துப் பற்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார், ஈறுக்குள் எதுவும் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். உதட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல அழுத்தித் தடவினார், எதற்கு என்று கேட்டேன். உடைந்த பல் துண்டு சில சமயம் கிழிந்த உதட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளுமாம், தையலோ புண்ணோ மூடிய பிறகு வீங்கிக்கொண்டு வருமாம். நாங்கள் டிஷ்யூவில் வைத்திருந்த துண்டைக் காட்டியதும் அதை உடைந்த இடத்தோடு ஒத்துப் பார்த்தார். முழுசாகப் பொருந்தியது. துண்டு கிடைக்கவில்லை என்றால், பிள்ளைக்கு இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்றார். அதனால் பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

அதற்குப் பிறகு சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து தடுப்பூசிப் பக்கத்துக்குப் போனார். பல் கிளினிக்கில் தடுப்பூசி எதற்கு என்று நினைத்தேன். வாசல்படி, மண், உதட்டுக் காயம், அதனால் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்! 2, 3, 5 மாதங்களிலும் 18 மாதத்திலும் போடும் அந்த ஊசியில் டெட்டனஸும் சேர்ந்தே இருக்கிறது, எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. விழுந்ததும் மயங்கினாளா, வாந்தி எடுத்தாளா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாளா என்றும் கேட்டார். சனிக்கிழமை எங்களிடம் யாரும் கேட்காத கேள்விகள் இவை. பல்லை விடத் தலைதான் முதலில் என்று அவர் சொன்னதை எல்லாப் பெற்றோரும் மனதில் வைக்க வேண்டும். விழுந்த பிள்ளை மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் சரியாக எழவில்லை என்றாலோ பல் கிளினிக்குக்குப் போகவே போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

வைத்தியம் என்று செய்தது இவ்வளவுதான். முதலில் கூர்மையாக இருந்த ஓரத்தைக் கையால் ஒரு மெல்லிய பட்டையை வைத்துத் தேய்த்து மழுக்கினார், நாக்கும் உதடும் கிழியாமல் இருக்க. மெஷின் சத்தம் இல்லை. அந்த அக்கா ஒரு சின்ன அட்டையில் வெள்ளைப் பொடியையும் இரண்டு சொட்டுத் திரவத்தையும் வைத்துக் கரண்டியால் வேகவேகமாகக் குழைத்தார், மாவு மாதிரி பளபளப்பாக வந்ததும் டாக்டர் அதை எடுத்து அந்த மஞ்சள் தெரிந்த இடத்தில் பூசி, வாஸலின் தடவிய விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கிளாஸ் அயோனோமர் என்று பெயர். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் ஒட்டும், அதிலிருந்து ஃபுளோரைடும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், பல்லின் நிறத்திலேயே இருக்கும். அசையாமல் வாயைத் திறந்து வைத்திருக்கும் பெரிய பிள்ளை என்றால் காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சை வைத்து அழகாகக் கட்டலாம், இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இது போதும், முனைப் பகுதி என்பதால் ஒருநாள் விழுந்தாலும் விழும், விழுந்தால் வாருங்கள் மறுபடி வைப்போம் என்று முன்கூட்டியே சொன்னார். செய்வதற்கு முன்னால் என்ன ஆகலாம் என்று சொல்லிவிட்டுச் செய்கிற டாக்டரிடம் எனக்கு மரியாதை அதிகம்.

“பிடுங்க வேண்டாமா டாக்டர்?” என்று நானே கேட்டேன், தனியார் கிளினிக்கில் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். பால் பல்லின் வேர், அதன் நுனிக்கு மிக அருகில் எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மொட்டு. பால் பல்லில் விழும் அடி வேர் வழியாக அந்த மொட்டு வரைக்கும் போகலாம், அதனால்தான் பால் பல் அடியை லேசாக எடுக்கக் கூடாது, அதே காரணத்துக்காகத்தான் தேவையில்லாமல் கிண்டவும் கூடாது. பல்லில் முனை மட்டும் உடைந்திருந்தால் ஆபத்து குறைவு. பல் ஈறுக்குள்ளே அமுங்கிப்போகிற மாதிரி அடி விழுந்தால்தான் கவலை அதிகம், பின்னால் வரும் நிரந்தரப் பல்லில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தழும்பு இருக்கலாம். இந்த மேல் நடுப் பல் ஏறக்குறைய ஒரு வயதிலிருந்தே பிள்ளையோடு இருக்கிறது, ஆறு ஏழு வயது வரை இருக்கப் போகிறது. கடிக்க, பேச, சிரிக்க எல்லாவற்றுக்கும் வேண்டும். நரம்பு வெளியே தெரியவில்லை, ஆட்டம் இல்லை, சீழ் இல்லை, பிறகு எதற்குப் பிடுங்க வேண்டும்? நரம்பு தெரிந்திருந்தால்கூட உடனே பிடுங்குவது ஒன்றுதான் வழி என்று இல்லை, நரம்பின் மேல் பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்துப் பல்லைக் காப்பாற்றும் முறை இருக்கிறது, அதற்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் குழந்தைகள் பல் நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்பியிருப்பேன் என்றார்.

இன்னொன்றும் சொன்னார், இதைத் தாய்மார்கள் மட்டுமல்ல, தாடிகா என்ற பாலர் பள்ளி டீச்சர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தெரிந்துகொண்டால் நல்லது. பால் பல் முழுசாகக் கழன்று கையில் வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே வைக்கவே கூடாது, கீழே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் நிரந்தரப் பல் கழன்றால் நேர் எதிர். வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் தண்ணீரில் ஒரு தடவை அலசி, முடிந்தால் அங்கேயே குழிக்குள் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். வைக்கப் பயமாக இருந்தால் பாலில் போட்டுக் கொண்டு போக வேண்டும், பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும். இதை நான் என் அக்கா மகன் படிக்கும் பள்ளி வாட்ஸாப் குரூப்பில் அன்றைக்கே போட்டுவிட்டேன்.

வீட்டில் பார்க்கச் சொன்னவை சாதாரணமானவை. ஒரு வாரத்துக்குச் சாப்பாடு மெத்தென்று இருக்கட்டும், கஞ்சி, இட்லி, பால் சோறு, முன் பல்லால் ஆப்பிளையும் கரும்பையும் கடிக்க விட வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தொடர்ந்து துலக்க வேண்டும், வலிக்குமே என்று விட்டால்தான் அழுக்கு சேர்ந்து புண் ஆறாது. ஆல்கஹால் கலக்காத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலைப் பஞ்சில் நனைத்து, காலையும் இரவும் அந்தப் பல்லைச் சுற்றித் துடைக்க வேண்டும், அதுவும் ஒரு வாரம். வலி இருந்தால் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமோல். ஃபுளோரைடு பேஸ்ட் மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவுதான், விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிழிந்து காட்டுவதை நம்ப வேண்டாம். பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்க விட வேண்டாம், மைலோவோ டின் பாலோ கலந்ததாக இருந்தால் நிச்சயம் வேண்டாம். நம் தோட்டங்களில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் சிரிக்கும்போது மேல் வரிசைப் பல் கறுத்துக் குட்டையாக இருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், ஏற்கெனவே சொத்தை தின்ற பல் சின்ன அடிக்கே உடையும். இதைச் சொல்லும்போது டாக்டர் யாரையும் குறை சொல்லும் குரலில் பேசவில்லை, அது எனக்குப் பிடித்தது.

ஒரு குறை, எழுதிக் கொடுத்த தாள் முழுக்க மலாயில். எனக்குப் பரவாயில்லை, ஆனால் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமிதான், அவருக்குத் தமிழ்தான் படிக்க வரும். அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் முக்கியமான நாலு வரியை எழுதிக் கொடுத்தார், மாமி அதை ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்து அப்படியே செய்தார். தோட்டப்புறத்துக் கிளினிக்குகளில் தமிழில் அச்சடித்த தாள் ஒன்று இருக்கத்தான் வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மறுபடி 6 முதல் 8 வாரத்துக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள்ளேயே எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது, பல் லேசாகச் சாம்பல் நிறத்துக்கு மாறியது. வெளிச்சத்தில் பார்த்தால் பக்கத்துப் பல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் “பல் செத்துப்போச்சு, எடுத்துடு” என்றார்கள். கிளினிக்கில் இந்தத் தடவை வேறு டாக்டர், ஆனால் முதல் டாக்டர் எழுதி வைத்த குறிப்பு முழுசாக இருந்ததால் நான் ஆரம்பத்திலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுபடி அதே முழங்கால் முறை. ஈறை அழுத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை, சீழ்க்கட்டி இல்லை, பல் ஆடவில்லை, பூசிய மருந்து ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் நிற்கிறது. நிறம் மாறுவது மட்டும் வைத்தியம் செய்வதற்குக் காரணம் இல்லை என்றார். அடிபட்ட பல்லுக்குள் ரத்தம் கசிந்து நிறம் மாறலாம், சில பிள்ளைகளுக்குத் தானாக வெளுக்கும், சிலருக்கு மஞ்சளாகும், சிலருக்கு விழும் வரை அப்படியே இருக்கும். கிருமி ஏறியதற்கான அடையாளம் வேறு. ஈறில் பரு மாதிரி கொப்புளம், வீக்கம், பல் ஆட்டம், நாளாக நாளாகக் கூடுகிற வலி. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் தேதி வரை காத்திருக்காமல் வர வேண்டும். வாரம் ஒரு தடவை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள் என்று எனக்குச் செய்து காட்டினார். இப்போதும் அதைச் செய்கிறேன். நிறம் அப்படியேதான் இருக்கிறது, பிள்ளை முறுக்கு முதற்கொண்டு எல்லாம் தின்கிறாள்.

என் கணவர் வீட்டில் அரசாங்கப் பல் கிளினிக் என்றாலே பிடுங்கும் இடம் என்ற நினைப்பு இருந்தது. அவர்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் டென்டல் மிஸி, அதாவது பல் நர்ஸ், வருகிறார் என்றால் பாதிப் பிள்ளைகள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிடுவார்களாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த மிஸிகள்தான் தோட்டத்துப் பிள்ளைகளின் பல்லை எட்டிப் பார்த்த முதல் ஆட்கள். பினாங்கில் 1949-லேயே அவர்களுக்கென்று பயிற்சிப் பள்ளி ஆரம்பித்து, பிள்ளைகளின் பல்லை மட்டும் பார்க்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். இன்றைக்கு அவர்களுக்கு ஜுருதெராப்பி பெர்கிகியான், அதாவது பல் சிகிச்சையாளர், என்று பெயர், சாதாரண சொத்தை அடைப்பது, ஃபுளோரைடு பூசுவது எல்லாம் பிள்ளைகளுக்கு அவர்களே செய்கிறார்கள், அடிபட்ட பல்லை டாக்டரிடம் அனுப்புகிறார்கள். மகளுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசியதும் அப்படி ஒரு ஜுருதெராப்பிதான். அந்தப் பழைய பயத்தை வைத்து இன்றைக்கு இருக்கும் சேவையை ஒதுக்கினால் நஷ்டம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், மோட்டோவில் போகிறவர்களுக்குப் பரவாயில்லை. அடிபட்ட அன்றைக்குத்தான் முன்னால் கூப்பிடுவார்கள், மறு பரிசோதனைக்கு வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும், பிள்ளைக்கு ஒரு புத்தகமோ பொம்மையோ எடுத்துப் போங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே டாக்டர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எக்ஸ்ரே எடுக்க முயற்சி செய்தார்கள், பிள்ளை ஃபிலிமை வாயில் வைக்க விடவில்லை, கட்டாயப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை, ஆனால் எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அப்படித் தெரியலாம். பெரிய குறை சனி ஞாயிறு பூட்டியிருப்பதுதான். பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் நாட்களில்தானே.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிப் பதிவு ஒரு வெள்ளி என்பது எல்லாருக்கும் தெரியும், அந்த அளவில்தான் எங்கள் செலவும். பல நூறு வெள்ளி வைத்தியத்துக்குப் பதில் ஒரு வெள்ளி வைத்தியம் என்பதற்காக நான் இதைப் பாராட்டவில்லை. வாரக் கூலிக்குச் செம்பனை வெட்டும் அப்பாவும் தைரியமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய இடத்தில் இப்படி ஒரு பார்வை கிடைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிசு. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்தத் தமிழ்த் தாளை அச்சடித்து வைக்கும் நாளில் ஐந்து.

போகும்போது மைகிட், சுகாதாரப் புத்தகம், உடைந்த துண்டு இருந்தால் அது, பிள்ளைக்கு மாற்று உடுப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அழுது எச்சில் வடித்துச் சட்டை நனைந்துவிடும். கவுண்டரில் முதல் வார்த்தையே விழுந்து அடிபட்டது என்று சொல்லுங்கள், வெறும் பல் பார்க்க வந்தோம் என்று சொன்னால் சாதாரண வரிசையில் போட்டுவிடுவார்கள். மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. வெள்ளிக்கிழமை பேராக்கில் 12:15-க்கு மூடினால் 2:45-க்குத்தான் திரும்பத் திறப்பார்கள், அன்றைக்கு என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.